வரைபடக் கணக்கைக் கிராமத்தாரே கற்க வேண்டும்

ஒரு கிராமத்தின் செல்வம் இன்னதென்று அறிய விரும்புவோர் முன்னாளில் கணக்குப்பிள்ளையின் பெட்டியையே நாடினர். எந்தப் புலம் எவருடையது, எந்த மதகின் கீழ் எத்தனை ஏக்கர் பாய்கின்றது, எந்த வரத்துக்கால் எவ்வழியே ஏரிக்கு வந்து சேருகின்றது என்பவையெல்லாம் அடங்கலிலும், 'அ' பதிவேட்டிலும், புலப்படத்திலும், அவற்றைக் காட்டிலும் மிகுதியாக அவ்வூர்ப் பெரியோரின் நினைவிலும் இருந்தன. தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டில் பழைய கணக்குப்பிள்ளைப் பதவி நீக்கப்பட்டது. கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தன. பின்பு அவை ஒவ்வொன்றாகக் கணிப்பொறிக்குள் சென்றன. நினைவில் இருந்தது மாத்திரம் எங்கும் பதியப்படவில்லை. அதை அறிந்தவர் மறையும்போது அதுவும் உடன் மறைகின்றது.

இப்பொழுது நிலத்தையும் நீரையும் பற்றிய கணக்கு மற்றோர் உருவம் கொண்டிருக்கின்றது. அதற்குப் பூகோளத் தகவல் முறை என்று பெயர், ஜி.ஐ.எஸ். என்று சுருக்கமாக வழங்குவர். அதைக் கையாள்வது ஜில்லாத் தலைநகரத்திலுள்ள நிபுணரின் வேலையென்றும், குடியானவருக்கும் கிராம உத்தியோகஸ்தருக்கும் அதில் யாதொரு பங்கும் இல்லையென்றும் பலர் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் கிராமங்களுக்குப் பெரிய நஷ்டத்தை விளைவிக்கக் கூடியதாகும்.

இம்முறையின் தத்துவம் எளியது. ஒரு கிராமத்தின் புல எல்லைகளை ஒரு மெல்லிய தாளிலும், வாய்க்கால்களை ஒரு தாளிலும், மண்ணின் தன்மையை வேறொன்றிலும், கிணறுகளை இன்னொன்றிலும் ஒரே அளவில் வரைந்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். எந்தக் கிணறு எந்த மண்ணில் இருக்கின்றது, ஏரிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்பவை உடனே விளங்கும். கணிப்பொறி இத்தாள்களைத் தன்னுள் வைத்துக்கொண்டு, கேட்ட மாத்திரத்தில் அடுக்கிக் காட்டிப் பரப்பையும் தூரத்தையும் கணக்கிட்டுச் சொல்லுகின்றது. 1960களில் கானடா தேசத்தில் ரோஜர் டாம்லின்சன் என்பவர் முன்னின்று இதை அமைத்தது, அத்தேசத்து நிலங்களில் எவை பயிருக்கு உகந்தவை, எவை காட்டுக்கு உகந்தவை என்று கணக்கிடுவதற்காகவே. ஆதலால் இது பிறப்பிலேயே குடியானவருக்கு உறவான வித்தையாகும்.

இந்நாட்டிலும் இதற்கு வேண்டிய சாதனங்கள் பெருகியிருக்கின்றன. பூமியைப் படம்பிடித்து நடைமுறைப் பயன்பாட்டுக்குத் தரும் இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் 1988ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் விண்ணில் ஏவப்பட்டது. அப்படிப்பட்ட படங்களைப் பொதுமக்கள் பார்க்கும்பொருட்டு 'புவன்' என்னும் ஏற்பாடு 2009ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. வரைபடங்களைத் தயாரிப்பதிலும் பயன்படுத்துவதிலும் இருந்த கட்டுப்பாடுகள் 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெரிதும் தளர்த்தப்பட்டன. ஐரோப்பியரின் 'சென்டினல்' செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய ஐந்து நாட்களுக்கு ஒரு முறை ஒவ்வோர் ஊரையும் படம்பிடிக்கின்றன, அப்படங்களுக்குக் கட்டணமில்லை. அவற்றை அடுக்கிப் பார்ப்பதற்குரிய 'கியூஜிஸ்' என்னும் கணிப்பொறி நிரலும் இலவசமாகவே கிடைக்கின்றது.

இவ்வளவு வசதிகள் இருக்க, கிராமத்தார் ஏன் சிரமப்பட வேண்டும் என்ற கேள்வி எழலாம். இதற்கு விடை அப்படங்களிலேயே இருக்கின்றது. 'சென்டினல்' படம் சிறு சிறு கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ளது. அஃதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஓர் ஏக்கருக்குச் சுமார் நாற்பது கட்டங்கள். நூறு ஏக்கர் பரப்புள்ள ஏரி நாலாயிரம் கட்டங்களாக விரிந்து தெளிவாகத் தெரியும். ஆனால் அவ்வேரிக்கு உயிர் கொடுக்கும் வரத்துக்கால் இரண்டு அல்லது மூன்று மீட்டர் அகலமே உடையதானால், அது ஒரு கட்டத்துக்குள் கரைந்துபோகும். ஏரி வற்றியதைப் படம் சொல்லும். ஏன் வற்றியது என்பதைச் சொல்லாது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் புழல் ஏரி வறண்டு கிடந்ததை வானிலிருந்து எடுத்த படங்கள் உலகமெங்கும் காட்டின. அங்ஙனமே எந்தச் சிற்றூர் ஏரியின் வறட்சியையும் எவரும் எங்கிருந்தும் பார்க்கலாம். எந்த இடத்தில் கால் தூர்ந்திருக்கின்றது என்பதை அக்கரையில் நடந்தவரே கூற முடியும்.

வேறு தவறுகளும் நேரக்கூடும். ஏரியின் உட்பரப்பில் சீமைக் கருவேல் மண்டியிருந்தாலும், நீரின்மேல் ஆகாயத்தாமரை படர்ந்திருந்தாலும், படத்தில் பசுமையே தோன்றும். உள்ளூரை அறியாதவர் அதைப் பயிரென்றோ தரையென்றோ குறித்துவிடலாம். நிலத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டுவதற்கு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் கொண்டு எடுத்த உயரக் கணக்கைப் பலரும் உபயோகிக்கின்றனர். அதில் சில மீட்டர் பிழை இருப்பது சகஜம். மலையடிவாரத்தில் அது பெரிதன்று. கிழக்குச் சமவெளியிலோ ஏரிக்கரையின் உயரமே சில மீட்டர்தான். நிலச் சரிவு கண்ணுக்கே புலப்படாது. அங்கே கணிப்பொறி தானாக வரையும் நீரோட்டம் பக்கத்து ஊரின் வழியாகச் சென்றாலும் வியப்பில்லை. அந்தக் கோட்டை நம்பித் தடுப்பணை கட்டினால் பணம் மண்ணாகும்.

தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் பல சங்கிலித் தொடராக அமைந்தவை. மேலேரியின் கலங்கல் வழியே வழியும் நீரே கீழேரிக்கு வரத்து. இடையிலுள்ள கால் ஓரிடத்தில் உழப்பட்டு வயலோடு சேர்ந்துவிடுகின்றது. ஓரிடத்தில் மனைப் பிரிவுக்குள் மறைகின்றது. வேறோரிடத்தில் சிறுபாலம் இன்றிப் போடப்பட்ட ரஸ்தாவால் அடைபடுகின்றது. அதன் கீழுள்ள ஏரிகள் அனைத்தும் பட்டினி கிடக்கின்றன. பிறகு அவ்வேரியைத் தூர்வாரப் பணம் ஒதுக்கப்படுகின்றது, ஆழம் கூடுகின்றது, நீர் மாத்திரம் வருவதில்லை. புதிய வரைபடத்தில் அக்கால் பதியப்படாவிட்டால், இனி வரும் அதிகாரிக்கு அஃது இருந்ததாகவே தெரியாது. ஆயக்கட்டுதாரரின் பாத்தியம் இவ்வாறு சத்தமின்றி அழிந்துபோகும். இந்தக் கணக்கில் கிராமத்தார் கைவைக்க வேண்டுமென்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

இதற்கு ஆட்சேபணைகள் உண்டு. வரைபடம் துல்லியமானால் ஆக்கிரமிப்புகள் வெளிப்படும் என்ற அச்சம் முதலாவது. அச்சம் உண்மையே. ஏரிகளை அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கின்றது. ஆயினும் ஏரிப் புறம்போக்கில் பத்து சென்ட் சேர்த்துக்கொண்டவர், அதே ஏரி நிரம்பாமையால் தம் பட்டா நிலத்தில் ஒரு போகத்தை இழக்கின்றார் என்பதையும் சிந்திக்க வேண்டும். அவர் ஒருவர் மாத்திரமன்றிக் கடைமடையில் உள்ளவரும் சேர்ந்து இழக்கின்றனர்.

கைபேசி வைத்திருப்பவரெல்லாம் எல்லைக்கல்லை நகர்த்தி வழக்குத் தொடுப்பர் என்பது இரண்டாவது ஆட்சேபணை. கைபேசி காட்டும் இடக்குறிப்பு திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும்; தோப்பினுள் இன்னும் அதிகம் தவறும். ஆகவே அதைக் கொண்டு இருவருக்கிடையே எல்லைத் தகராற்றைத் தீர்க்க எவரும் முற்படக்கூடாது. அது முறைப்படி சர்வேயர் அளந்து தீர்க்க வேண்டிய விஷயம். கிணறு இருக்குமிடம், கால் அடைபட்ட இடம், மதகு உடைந்த இடம் ஆகியவற்றைக் குறிப்பதற்கு அதன் கணக்கே போதுமானது. இந்த வரம்பை அறிந்திருப்பதும் கல்வியின் ஒரு பகுதியே.

வித்தை கடினமானது என்பது மூன்றாவது. சென்னையில் நில அளவைப் பள்ளி 1794ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது; 1802ஆம் ஆண்டில் பரங்கிமலைக்கருகில் அளக்கப்பட்ட அடிக்கோட்டிலிருந்தே இந்நாட்டின் பெரிய முக்கோண அளவை தொடர்ந்து சென்றது. புலப்படத்தில் அடிக்கோடும் அதற்குக் குறுக்களவும் படித்துப் பழகிய கிராம உத்தியோகஸ்தருக்கு இப்புதிய முறையில் அந்நியமானது சிறிதே. பழைய படம் கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லுகின்றது. புதிய படம் அதே கல் பூமியின் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் நிற்கின்றது என்று கேட்கின்றது. அசையாது நிற்கும் சில கற்களில் இவ்விரண்டையும் இணைத்துவிட்டால், பழைய கிராமப்படம் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருந்தி உட்காரும். வானிலிருந்து காண முடியாத வாய்க்கால் அப்பொழுது புலப்படத்தின் வாயிலாகத் தோன்றும்.

கற்கும் வகை யாது? ஒரே நாளில் பல பாடங்களைக் கேட்டுக் கலைவதில் பயனில்லை. ஓர் ஏரியை எடுத்துக்கொண்டு ஓராண்டு பழகுதல் நலம். கிராம நிர்வாக அலுவலர் பதிவேடும் படமும் கொண்டு வரட்டும். நீர் பாய்ச்சும் முறையறிந்த நீர்க்கட்டியோ பெரியவரோ வழிகாட்டட்டும். கணிப்பொறி பழகிய ஓர் இளைஞர் அல்லது பெண் பதிவு செய்யட்டும். சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியிருக்கும்பொழுது வரத்துக்கால் முழுதும் நடந்து அடைப்புகளைக் குறிக்கலாம். உட்பரப்பின் மட்டத்தையும் அளந்து வைக்கலாம். படம் நீரின் பரப்பை மாத்திரம் தரும். மட்டம் தெரிந்தால்தான் கொள்ளளவு தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் படத்தை மறைக்குமாதலால், மழை நின்றவுடன் நீர் எவ்வழி ஓடுகின்றதென்று நேரில் கண்டு எழுத வேண்டும். தை மாதத்தில் நீர்ப்பரப்பையும், மாசி, பங்குனியில் பயிரையும் கிணற்று நீர்மட்டத்தையும் பதியலாம். ஆண்டு முடிவில் அவ்வேரியைப் பற்றி அவ்வூரார் அறிந்த அளவு வேறெவரும் அறிந்திருக்கமாட்டார்.

இவ்வாறு தயாரித்த படத்தை மே முதல் தேதியன்று கூடும் கிராமசபையில் சுவரில் மாட்டி, எல்லாரும் பார்த்துப் பிழை திருத்தும்படி செய்தல் வேண்டும். பெரிய விவசாயி மாத்திரமன்றி, கடைமடைக் குடியானவரும், ஏரியில் ஆடுமாடு மேய்ப்பவரும் அதில் சொல்லத்தக்கவை பல உண்டு. அங்ஙனம் ஒப்புக்கொள்ளப்பட்ட படத்தோடு தூர்வாரும் வேலைக்கு மனுச் செய்யும் ஊருக்கும், வெறுங்கையோடு சென்று முறையிடும் ஊருக்கும் உள்ள வேற்றுமையை அதிகாரிகள் உடனே உணர்வர்.

இலாகாவும் தன் கடமையைச் செய்ய வேண்டும். பயிற்சி தமிழில் இருக்க வேண்டும். வகுப்பறையில் தொடங்கினாலும் ஏரிக்கரையில் முடிய வேண்டும். கிராமத்தார் அனுப்பும் திருத்தங்களை ஏற்று, ஏற்றதைத் தெரிவிக்கும் ஒழுங்கும் வேண்டும். அனுப்பிய திருத்தம் என்னவாயிற்றென்று தெரியாவிட்டால் எவரும் மறுமுறை அனுப்பமாட்டார்.

கணக்கு யாரிடம் இருக்கின்றதோ அவரிடமே நீரின் போக்கும் இருக்கும் என்பது கிராமத்தார் பழகியறிந்த உண்மை. அக்கணக்கு இப்பொழுது உருமாறுகின்றது. அது முற்றும் எழுதி முடிவதற்குள் ஏரிக்கரை மனிதர் தம் பங்கை அதில் எழுதிவிட வேண்டும். வரும் கோடையில் ஏரி வற்றும். வரத்துக்காலில் நடந்து பார்ப்பதற்கு அதுவே தக்க சமயமாகும்.