புளியும் பித்தளையும்

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் வேதியியல் புத்தகத்தோடு அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"சித்தப்பா, ஹைட்ரஜனுக்கு மேலே இருக்கிற உலோகம் அமிலத்தோட வினைபுரியும், கீழே இருக்கிறது புரியாதுன்னு போட்டிருக்கு. தாமிரம் கீழேதானே இருக்கு? அப்புறம் ஏன் பாட்டி பித்தளையில புளி ஊத்தக் கூடாதுங்கறாங்க? ஈயம் மேலே இருக்கு. அதைப் போய் எதுக்கு உள்ளே பூசணும்?"

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்தக் கேள்வி எனக்கு அவள் வயதில் தோன்றவே இல்லை.

உலோகங்களின் வினைத்திறன் வரிசை பொய் சொல்லவில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத்தைப் போட்டால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வரும். தாமிரத் துண்டு சும்மா கிடக்கும். ஹைட்ரஜனைச் சுழியாக வைத்தால் துத்தநாகம் –0.76 வோல்ட், தாமிரம் +0.34. தாமிரம் தன் எலக்ட்ரானை ஹைட்ரஜன் அயனிக்குக் கொடுக்காது. ஆனால் எலக்ட்ரானைக் கேட்பது ஹைட்ரஜன் மட்டும்தானா? நைட்ரிக் அமிலத்தில் நைட்ரேட் கேட்கிறது. தாமிரம் பழுப்புப் புகை கக்கிக் கரைகிறது. அடுப்படியில் கேட்பது காற்றிலுள்ள ஆக்சிஜன். அது தாமிரத்தை ஆக்சைடாக்க, புளியின் டார்டாரிக் அமிலம் அந்த ஆக்சைடைக் கரைக்கிறது. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது இதனால்தான். குழம்பை ராத்திரி முழுக்கப் பித்தளையில் விட்டால் களிம்பு ஏறுவதும் இதனால்தான். பித்தளையில் துத்தநாகம் வேறு இருக்கிறது.

பாத்திரத்தில் பூசும் ஈயத்தின், அதாவது வெள்ளீயத்தின், எண் –0.14. கணக்குப்படி அது கரைய வேண்டும். ஆனால் அதன் மேற்பரப்பில் ஹைட்ரஜன் வாயு எளிதில் உருவாகாது, மெல்லிய ஆக்சைடு படலமும் காக்கிறது. நடக்கக்கூடிய வினைதான், நடக்கும் வேகம் மிகக் குறைவு. முடியுமா என்று வரிசை சொல்லும், எவ்வளவு நேரத்தில் என்று சொல்லாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பாடத்தில் சேர்த்திருந்தால் எத்தனை பிள்ளைகள் மனப்பாடத்திலிருந்து தப்பித்திருப்பார்கள்!

எங்கள் தெருவுக்கு ஈயம் பூச வருபவரைப் பற்றிச் சொன்னேன். துருத்தி ஊதிப் பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரம் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். ஈயத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பஞ்சால் சுழற்றினால், மஞ்சள் பாத்திரம் கண்ணெதிரே வெள்ளியாகும். 232 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் அது. பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்வது முக்கியம். காரீயத்தின் எண் –0.13. வரிசையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. உடம்புக்கோ காரீயம் நஞ்சு.

அவள் அதோடு விடவில்லை. இரண்டு கண்ணாடி டம்ளரில் கொதித்து ஆறிய புளித்தண்ணீர், இரண்டிலும் தேய்த்த செம்புக் கம்பி. ஒன்றில் கம்பியை முழுக்க அமிழ்த்தி மேலே நல்லெண்ணெய் ஊற்றினாள். இன்னொன்றில் கம்பி பாதி வெளியே நிற்கிறது. இன்று மூன்றாம் நாள். பள்ளிக்குக் கிளம்பும் முன் குனிந்து, தண்ணீரும் காற்றும் தொடும் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்கிறாள்.