வாசற்படியில் ஓர் அமானிதம்

மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் நான்குவழிச் சாலை எங்கள் கோவில்பட்டியைத் தொட்டுச் செல்கிறது. சென்ற சித்திரை மாதத்தில், அச்சாலையின் ஓரத்தில், வாகனம் ஒன்றில் அடிபட்ட பெட்டை நாய் ஒன்று ஓர் உடைமரத்தின் நிழலில் கிடந்தது. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காலம் அது. சுற்றுவட்டாரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு நாள் அதற்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தனர். மூன்றாம் நாள் ஒரு சாக்கில் கிடத்தி வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டனர்.

அன்று மாலை வீட்டில் எழுந்த விவாதம் எளிதில் அடங்கவில்லை. "நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழையமாட்டார்கள்; தொழுகிற வீட்டுக்குள் இது வேண்டாம்" என்றார் நன்னி. "அத்தா, வெளியே விட்டால் செத்துப்போகும்" என்று அழுதான் சிறுவன். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. இத்தகைய விவாதம் எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. தெருநாய்கள் பெருகியும், அவற்றைப் பற்றிய அச்சம் அதைவிடப் பெருகியும் வரும் இந்நாளில், பல முஸ்லிம் குடும்பங்கள் இக்கேள்வியைச் சந்திக்கின்றன. ஆகவே எங்கள் அனுபவத்தையும், அதிலிருந்து நாங்கள் வந்தடைந்த கருத்தையும் இங்கே முன்வைக்கிறோம். இது ஃபத்வா அன்று. மார்க்கச் சட்டம் அறிய விரும்புவோர் தம் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை.

முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை முழுமையாகப் பார்ப்போம். நம்மில் பலர் இதில் ஒரு பாதியை மட்டுமே அறிந்திருக்கிறோம்.

நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற நபிமொழி ஸஹீஹான நூல்களில் உள்ளது. வேட்டை, கால்நடைக் காவல், விளைநிலக் காவல் ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு பங்கு குறைந்துவிடும் என்ற நபிமொழியும் உள்ளது. நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழுமுறை கழுவவேண்டும், அதில் ஒருமுறை மண்ணிட்டுக் கழுவவேண்டும் என்பதும் நாம் அறிந்ததே. இவற்றை மறுப்பதற்கோ மழுப்புவதற்கோ நமக்கு உரிமை இல்லை.

ஆனால் மறுபாதியும் உண்டு. அல்கஹ்ஃப் அத்தியாயத்தில், ஈமானைக் காத்துக்கொள்ளக் குகைக்குள் ஒதுங்கிய இளைஞர்களுடன் அவர்களுடைய நாயும் இருந்தது. அது வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததை அல்லாஹ் தன் வேதத்தில் நினைவுகூர்கிறான். அவர்களின் எண்ணிக்கை பற்றிய பேச்சிலும் அந்த நாய் சேர்த்தே எண்ணப்படுகிறது. அல்மாயிதா அத்தியாயம் பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கிறது. அல்அன்ஆம் அத்தியாயம், பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது. தாகத்தால் மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தியை நாம் எத்தனை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம்! அந்தக் கதையில் வரும் நாய் யாருடைய வளர்ப்பு நாயும் அன்று. எவருக்கும் காவலும் இருந்ததில்லை. தாகம் ஒன்றே அதற்கு உரிமையாக இருந்தது.

தூய்மை பற்றிய சட்டத்திலும் இமாம்கள் ஒரே கருத்தினர் அல்லர். ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் நஜீஸ். ஈரத்துடன் பட்டால் ஏழுமுறை கழுவவேண்டும். ஹனஃபி மத்ஹபில் அதன் உமிழ்நீரே நஜீஸ்; உலர்ந்த உடல் பட்டதனால் ஆடை அசுத்தமாவதில்லை. மாலிக்கி மத்ஹபில் நாய் தூய்மையானதே. பாத்திரம் கழுவுவது வணக்கம் சார்ந்த கட்டளை. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மரபும், உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்களில் ஹனஃபி மரபும் வேரூன்றியவை. எங்கள் வீட்டிலோ மாமியார் ஹனஃபி, மருமகள் ஷாஃபிஈ! இருவரில் பேணுதல் மிக்கவரின் சட்டத்தையே வீடு முழுவதும் பின்பற்றுவது என்று முடிவெடுத்தோம். அதனால் சச்சரவு குறைந்ததே தவிர, ஒருவருக்கும் இழப்பில்லை.

இந்த இரு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு எங்களுக்குப் புலப்பட்டது. நாய்க்கு இடம் உண்டு. அந்த இடம் வாசல். படுக்கையறையும் தொழும் இடமும் அதற்குரியவை அல்ல. சாக்கடையோரமும் நெடுஞ்சாலையும் அதற்குரியவை அல்ல. ஊரின் விளிம்பில் எங்களுக்குச் சிறிது மானாவாரி நிலமும் ஏழெட்டு ஆடுகளும் உண்டு. வீட்டின் பின்புறம் ஆட்டுக்கொட்டகை. அதன் வாசலே அந்த நாயின் வீடாயிற்று. 'ஆடு இருக்கிறது என்பது உங்கள் சாக்கு, இரக்கத்தால்தானே கொண்டுவந்தீர்கள்?' என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். இரக்கத்தால் கொண்டுவந்தோம், மார்க்கம் அனுமதித்த இடத்தில் வைத்தோம்.

இந்தக் கரிசல் பூமிக்கு நாய் புதிதன்று. அறுவடை முடிந்த காடுகளில் கிடை போடும் கீதாரிகள் ஆட்டு மந்தையைக் காக்க நாய்களையே நம்பினர். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் என்று நாடறிந்த நாய்கள் இவ்வட்டாரத்தின் பிள்ளைகளே. 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகள் நான்கில் இராஜபாளையமும் ஒன்று. ஆனால் இந்தப் பெருமைக்குள் ஒரு வேதனையும் இருக்கிறது. முயல் வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகிவிட்டது, மந்தைகளும் குறைந்துவிட்டன. வேலை இழந்த வேட்டைநாய் இன்று பலருக்கு மதிப்பின் அடையாளம் மட்டுமே. குட்டியாக இருக்கையில் விலைகொடுத்து வாங்கி, வளர்ந்து பெருகியபின் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டுச் செல்வோரும் உண்டு. மெலிந்த உடலும் நீண்ட கால்களுமாகச் சாலையோரத்தில் திரியும் நாயைக் காணும்போதெல்லாம், ஒரு காலத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

கொண்டுவருவது எளிது. நிலைகொள்ளச் செய்வதே கடினம். இதில் நாங்கள் தவறியவற்றையும் மறைக்கக் கூடாது.

முதல் தவறு, பிள்ளைகள் அடிபட்ட நாயை வெறுங்கையால் தூக்கியது. வலியில் இருக்கும் நாய், உதவுகிறவரையும் கடிக்கும். சிறுவனின் கையில் பல் கீறி இரத்தம் கசிந்தது. 'சிறு கீறல்தானே' என்று நாங்கள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. அறிகுறி வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம். கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறித்துக் கொடுக்கும் எல்லா நாள்களிலும் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்கு மருந்து தரும் பாஸ்டர் நிலையம் அமைந்த மாநிலம் நம்முடையது. தாயத்தையும் மந்திரித்தலையும் நம்பி ஊசியைத் தவிர்ப்பது தவக்குல் ஆகாது.

இரண்டாவது தவறு, அன்பு காட்டுவதாக எண்ணி முதல் நாளே தெருப்பிள்ளைகள் எல்லோரும் அதைச் சூழ்ந்துகொண்டது. புதிய இடத்துக்கு வந்த நாய்க்கு முதலில் வேண்டியது தனிமையும் அமைதியும். மூன்று நாள் அது ஒரு கவளம் சோறும் தொடாமல் சுவரோடு ஒண்டிக் கிடந்தது. நாங்கள் விலகியதும் தின்றது. ஒரே நேரத்தில் உணவு, ஒரே கிண்ணம், ஒரே படுக்குமிடம் என்று ஒழுங்கு அமைந்தபின், மூன்று வாரத்தில் வீட்டாரின் காலடி ஓசையை அறிந்துகொண்டது. இது தன் இடம் என்று அது முழுமையாக நம்ப மூன்று மாதம் ஆயிற்று. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதை நெருங்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சட்டமாகவே ஆக்கினோம்.

ஆடுகளோடு பழக்குவதற்கும் பொறுமை வேண்டியிருந்தது. முதலில் தொலைவில் கயிற்றில் கட்டி, ஆடுகளை அது பார்க்கவும் மோப்பம் கொள்ளவும் விட்டோம். நாளுக்கு நாள் தூரத்தைக் குறைத்தோம். ஆனால் நாள் முழுதும் கட்டிப்போடுவதை மட்டும் செய்யவில்லை. கட்டியே வைக்கப்பட்ட நாய் மூர்க்கமாகும் என்பது அனுபவம். பூனையைக் கட்டிவைத்து உணவின்றிச் சாகவிட்ட பெண்ணின் முடிவு என்ன என்பதும் நமக்குத் தெரியும். கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், காயம் ஆறியபின் கருத்தடை ஆகியவற்றைச் செய்தோம். தடுப்பூசியை ஆண்டுதோறும் தொடரவேண்டும்.

தூய்மைக்கு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு மிக எளியது. நாய்க்கென்று தனிக் கிண்ணம், தனி வாளி. அவை சமையலறைக்கு வருவதே இல்லை. கொட்டகை வேலைக்குத் தனி உடுப்பு. தொழுகைக்குத் தனி உடுப்பு. கரிசல் மண் மழைக்காலத்தில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே மழை நாளில் கொட்டகைக்குச் சென்றவர் வாசலிலேயே கால் கழுவிவிட்டு உள்ளே வரவேண்டும். இந்த ஆறேழு மாதத்தில் எங்கள் வீட்டில் எவருடைய ஒரு வேளைத் தொழுகையும் நாயின் காரணமாகத் தவறவில்லை.

தீபாவளி இரவு எங்களைச் சோதித்தது. சிவகாசி அருகிலிருக்கும் எங்களுக்கு வெடிச்சத்தம் புதிதன்று; அந்த நாய்க்கோ அது கியாமத்தாக இருந்திருக்க வேண்டும். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் பஜ்ருக்கு எழுந்த நன்னிதான் கொட்டகைக்குப் பின்னால் முனகலைக் கேட்டார். உளூவுக்கு எடுத்துவைத்திருந்த தண்ணீரை அதன் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, தமக்கு வேறு தண்ணீர் பிடித்துக்கொண்டார். வாரத்தில் சில நாளே குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும் ஊரில், அந்த ஒரு செம்புத் தண்ணீரின் மதிப்பு எங்களுக்குத் தெரியும். இன்றும் அவர் நாயைத் தொடுவதில்லை. அது வாசல் தாண்ட விடுவதும் இல்லை. ஆனால் அதன் கிண்ணம் காய்ந்திருப்பதைக் கண்டால் வீட்டார் எவரையும் விடமாட்டார்.

இனி எங்கள் கருத்து. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது. தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றது. இந்த இறுதி வரியையே நாம் கவனிக்க வேண்டும். ஏற்றுக்கொண்டதைக் கைவிடாதே என்பதை நம் மார்க்கம் அமானிதம் என்ற ஒரே சொல்லில் கற்பித்திருக்கிறது. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றமே.

கடிபட்ட குழந்தையின் பெற்றோரிடம் சென்று நாயின் உரிமையைப் பேசுவது நியாயம் அன்று. தெருக்களில் மக்கள் அச்சமின்றி நடக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் நாய்க்கூட்டம் நிற்கக் கூடாது. அதற்கு வழி கருத்தடையும் தடுப்பூசியும், குப்பையைத் தெருவில் கொட்டாமையுமே. கல்லெறிவதால் எந்த ஊரிலும் நாய்கள் குறைந்ததில்லை. அவை மனிதனை அஞ்சவும் கடிக்கவும் கற்றதே மிச்சம். நம் பிள்ளைகளில் சிலர், நாய் நஜீஸ் என்று கற்றதை, நாயை அடிக்கலாம் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். இது நாம் திருத்தவேண்டிய பெரும்பிழை. நஜீஸ் என்பது நம் உடலும் உடையும் பற்றிய சட்டம். அந்த உயிரின் மீது கூறப்பட்ட தண்டனை அன்று.

எல்லோரும் நாய் வளர்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. இடமும் தேவையும் இல்லாத வீட்டுக்கு அது கூடாது. இரக்கம் ஒரு நாளில் வந்துவிடும். ஊசியும் உணவும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடரவேண்டும். அதற்கு இயலாதவர் கொண்டுவராமல் இருப்பதே நேர்மை. வளர்க்காதவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கோடையில் வாசலுக்கு வெளியே ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கலாம். எந்த மத்ஹபும் அதைத் தடுக்கவில்லை.

அமானிதத்தைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.