130 என்ற எண்ணும் உங்கள் காலும்



கார்த்திகை பிறந்தால் நமக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். முன்பெல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூட ஸ்கீலாகருக்கு (ஸ்கீ முகாமுக்கு) அனுப்பலாமா, குளிருக்கு எதை உடுத்தி அனுப்புவது, காலை முறித்துக்கொண்டால் காப்புறுதி கிடைக்குமா என்றுதான் பெற்றோர் கேட்டு எழுதுவார்கள். இந்த மாரியில் வந்திருப்பது வேறு கேள்வி. “மகன் 130 ஃப்ளெக்ஸ் ஸ்கீச் சப்பாத்துத்தான் வேண்டும் என்று நிற்கிறான். ஐந்நூறு பிராங்குக்கு மேலே போகிறது. வாங்கிக் கொடுக்கலாமா?”

இந்தக் கேள்வி எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. வாடகைச் சப்பாத்தோடு குழந்தைகளின் சரிவில் விழுந்தெழும்பிய பிள்ளைகள் இன்று சுவிட்சர்லாந்தின் வெர்பியேயில் மொன் ஃபோர் உச்சிக்கு ஏறி, 3,300 மீற்றர் உயரத்திலிருந்து மேடும் பள்ளமுமான சரிவில் இறங்குகிறார்கள். காலையில் இயந்திரம் சீராக்கிய பாதை, மதியத்தில் பலரும் உழுதுவிட்டுப் போன கனத்த பனி, ஓரங்களில் யாரும் தொடாத புதுப்பனி என்று மலை முழுவதும் அவர்களுக்கு வேண்டும். அதற்கென்றே செய்யப்படும் ஓல்-மவுண்டன் சப்பாத்துகளில் விறைப்பானவற்றை எப்படித் தேர்வது என்பதை இந்த இதழில் உங்களோடு கதைக்க விரும்புகிறேன்.

அந்த எண்ணிலிருந்தே தொடங்குவோம். முழங்காலை முன்னே தள்ளும்போது சப்பாத்தின் மேற்பகுதி எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பதை 90, 110, 130 என்ற எண்கள் குறிக்கின்றன. எண் கூடினால் விறைப்பும் கூடும். ஆனால் எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான அளவுகோல் இதற்குக் கிடையாது. ஒவ்வொரு கம்பனியும் தன்னுடைய சப்பாத்துகளைத் தனக்குள் வரிசைப்படுத்தி எண் போடுகிறது. ஒரு கம்பனியின் 120 இன்னொரு கம்பனியின் 130ஐ விட விறைப்பாக இருக்கலாம். குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். சப்பாத்தின் வெளியோடு பெரும்பாலும் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. குளிரக் குளிர அது இறுகும். கடையின் 20 பாகைச் சூட்டில் இணங்கி வளைந்த சப்பாத்து, மலையில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் அப்படி வளையாது. கடையிலேயே வளைக்கக் கஷ்டமாக இருந்தால், மலையில் அது அசையப்போவதில்லை.

விறைப்பு வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. கணைக்கால் சப்பாத்தின் நாக்கில் சாயும்போதுதான் உடலின் பாரம் ஸ்கீயின் முன்பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. சப்பாத்து இளகியதாக இருந்தால், வேகத்தில் கனத்த பனிக்குள் புகும்போது அது மடிந்துவிடும், ஆளும் முன்னே கவிழ்வார். 1960கள் வரை தோல் சப்பாத்தில் ஓடியவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டுபூக் நகரத்துக்காரரான பொப் லாங்கே பிளாஸ்டிக் சப்பாத்துகளைச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு எல்லாம் மாறியது. பந்தயக்காரர் அவற்றின் பிடிமானத்தை விரும்பினார்கள். கணைக்காலில் வந்த வலிக்கு ‘லாங்கே பாங்’ என்றே பெயர் வைத்தார்கள்.

விறைப்பு அளவுக்கு மிஞ்சினாலும் தொல்லைதான். அறுபது கிலோ உடம்பால் வளைக்க முடியாத சப்பாத்தைப் போட்டவர், கணுக்காலை மடக்க வழியில்லாமல் இடுப்பைப் பின்னே தள்ளி உட்கார்ந்துவிடுவார். பாரம் முழுவதும் குதிக்காலுக்குப் போகும், தொடை எரியும், ஸ்கீயின் முனை சொல்வழி கேட்காது. மேடு பள்ளமான சரிவில் இது உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு மேட்டிலும் கணுக்கால் மடிந்து கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே 130 யாருக்கு என்று கேட்டால், உடற்பாரமும் கால் நீளமும் வேகமும் மூன்றும் சேர்ந்து இருப்பவருக்கு என்பேன். தொண்ணூறு கிலோ எடையுள்ள, துணிந்து இறங்கும் இளைஞருக்கு அது சரி. அதே திறமையுள்ள, மெலிந்த தங்கைக்கு 110 அதைவிட நன்றாக வேலை செய்யும், அதில் அவளுக்கு எந்தக் குறைவும் இல்லை. பல சப்பாத்துகளில் பின்புறத்தில் இருக்கும் திருகாணியைக் கழற்றி விறைப்பைச் சற்றுக் குறைக்கலாம் என்பதையும் கடையில் கேட்டு வையுங்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் சப்பாத்து வாங்கும்போது ஒரு அளவு பெரிதாக எடுப்பது பழக்கம். பிள்ளை வளரும், அடுத்த வருஷமும் போடலாம் என்ற அக்கறையில் வந்த பழக்கம் அது. பெரியவர்களிடம் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊரில் வெறுங்காலோடு ஓடித் திரிந்து வளர்ந்த பலருக்கு முன்பாதம் அகலம். தென்னிந்தியாவில் வழக்கமாக வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதங்களைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து 2009இல் வெளியிட்ட ஆய்வும், சப்பாத்து அணிபவர்களை விட அவர்களின் பாதம் அகலமானது என்றே காட்டியது. அப்படியான கால் 98 மில்லிமீற்றர் அகலச் சப்பாத்துக்குள் நுழையாது. உடனே 26.5ஐ வைத்துவிட்டு 27.5 கேட்கிறோம். அகலம் கிடைத்துவிடுகிறது, ஆனால் அதோடு வேண்டாத நீளமும் வந்து சேர்கிறது. குதிக்கால் உள்ளே மேலும் கீழும் ஆடத் தொடங்கும். ஆட்டத்தை நிறுத்தக் கொளுவிகளை இறுக்குவோம், புறங்காலில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மரத்துக் குளிரும். ஒவ்வொரு இறக்கத்திலும் பாதம் முன்னே வழுக்கி விரல் சுவரில் மோத, நகம் கறுத்துப் போகும். கறுத்த நகத்தைப் பார்த்ததும் சப்பாத்து சின்னது என்று நினைத்து இன்னும் பெரிதை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். இப்படி உள்ளே ஆடும் காலோடு போட்டால் 130 என்ன, 150 என்ன, விறைப்பு ஸ்கீக்குப் போய்ச் சேராது.

அகலம் வேண்டுமென்றால் அகலத்தையே கேட்க வேண்டும். அற்றொமிக் கம்பனியின் ஹோக்ஸ் வரிசையில் அல்ட்ரா 98, பிரைம் 100, மக்னா 102 மில்லிமீற்றர். தெக்னிக்காவின் மாக்1 வரிசையில் 98, 100, 103 என்று மூன்று அகலங்கள் உண்டு. இந்த எண்கள் 26.5 அளவுச் சப்பாத்தின் முன்பாத அகலத்தைக் குறிப்பவை; நீளம் மாறினால் அதற்கேற்ப அகலமும் மாறும். நீள அளவு பாதத்தின் நீளமேதான்: 26.5 என்றால் 26.5 சென்ரிமீற்றர். தெருவில் போடும் சப்பாத்தின் 42, 43 இங்கே உதவாது.

சூரிச்சில், காலுக்கேற்பச் சப்பாத்தைச் சரிசெய்யும் ஒரு பூட்ஃபிட்டர் வேலை செய்வதை ஒரு பின்னேரம் அருகிலிருந்து பார்த்தேன். 130 கேட்டு வந்த பையனுக்கு அவர் நெடுநேரம் சப்பாத்தைக் காட்டவே இல்லை. காலுறையைக் கழற்றச் சொன்னார். இருக்கையில் ஒருமுறை, எழுந்து நின்றபின் ஒருமுறை பாதத்தை அளந்தார். நிற்கும்போது பாதத்தின் வளைவு தாழ்ந்து நீளமும் அகலமும் கூடுவதைப் பையனுக்கே காட்டினார். பிறகு கணுக்கால் எவ்வளவு மடிகிறது என்று பார்த்தார். அதற்குப் பின்தான் ஒரு சப்பாத்து வந்தது, அதையும் உள்ளுறையைக் கழற்றி வெறும் ஓடாகக் கொடுத்தார்.

இந்தச் சோதனையை நீங்கள் எந்தக் கடையிலும் கேட்டுச் செய்யலாம். வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்சுவரைத் தொடும்வரை பாதத்தை முன்னே நகர்த்தி, முழங்காலைச் சற்று மடக்குங்கள். குதிக்காலுக்கும் பின்சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். விறைப்பான சப்பாத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்ரிமீற்றர் நல்லது. இரண்டைத் தாண்டினால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலான கம்பனிகளில் 26க்கும் 26.5க்கும் ஓடு ஒன்றுதான் என்பதால் அரை அளவில் மயங்கவும் வேண்டாம்.

உள்ளுறையைத் திரும்பப் போட்டு, மெல்லிய காலுறை ஒன்றே ஒன்றோடு அணியுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல்கள் முன்னே முட்டும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். கொளுவிகளைப் பூட்டி முழங்காலை முன்னே சாய்த்தால் குதிக்கால் பின்னே போய் அமர்ந்து விரல்கள் விடுபடும். அந்த நிலையில்தான் நீங்கள் ஓடப்போகிறீர்கள், அந்த நிலையில்தான் மதிப்பிட வேண்டும். இருபது நிமிடமாவது கடைக்குள்ளேயே போட்டுக்கொண்டு இருங்கள். காலெங்கும் ஒரேயளவான இறுக்கம் இருந்தால் அது நல்ல அறிகுறி. உள்ளுறை பாவிக்கப் பாவிக்க நசிந்து இடம் விடும். கணுவெலும்பிலோ சின்ன விரலின் அடியெலும்பிலோ ஓரிடத்தில் மட்டும் குத்தினால், பூட்ஃபிட்டர் அந்த இடத்து ஓட்டைச் சூடாக்கி வெளியே தள்ளிக் கொடுப்பார். பெரிய ஓட்டைச் சின்னதாக்க எவராலும் முடியாது.

முதல் நாள் மலையில் கொளுவிகளைத் தளர்வாகப் பூட்டி, சீரான பாதையில் ஓடிப் பாருங்கள். தளர்வாக இருக்கும்போதே குதிக்கால் எழும்பாமல் இருந்தால் அளவு சரி. பிறகு வேகத்தைக் கூட்டி நீண்ட வளைவுகள் எடுங்கள். கணைக்காலை அழுத்தியதும் ஸ்கீ உடனே கேட்கிறதா, அழுத்தம் படிப்படியாக ஏறுகிறதா, இல்லை சுவரில் மோதியது போல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். மதியத்துக்குப் பிறகு, கால் களைத்த நேரத்தில், உழுத பனிக்குள் போங்கள். களைத்த காலோடும் உங்களால் அந்தச் சப்பாத்தை வளைக்க முடிந்தால் அது உங்களுக்கானது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புதுச் சப்பாத்து வாங்கிய அன்றே, அதை ஸ்கீயோடு பூட்டும் பிணைப்பையும் கடையில் கொடுத்துச் சரிசெய்யுங்கள். விழும்போது ஸ்கீ கழன்று காலைக் காப்பாற்றும் அளவு, ஆளின் எடை, உயரம், வயது, திறமையோடு சப்பாத்தின் அடி நீளத்தையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. பழைய அளவை அப்படியே விடுவது ஆபத்து. இப்போது பல சப்பாத்துகள் நடக்க வசதியான கிரிப்வோக் அடியோடு வருகின்றன. பழைய பிணைப்புகளில் பல அதை ஏற்காது. விபத்துத் தடுப்பு நிறுவனமான பி.எஃப்.யு. ஒவ்வொரு வருஷமும் பிணைப்பைப் பரிசோதிக்கச் சொல்கிறது. அதற்கான செலவைச் சப்பாத்தின் விலையோடு சேர்த்தே எண்ணி வையுங்கள்.

அகலக் கால்காரர்கள் எந்தச் சப்பாத்தில் சுகம் கண்டீர்கள், எந்த ஊர் பூட்ஃபிட்டர் பொறுமையாகக் கேட்டு வேலை செய்தார் என்று எங்களுக்கு எழுதுங்கள். தை இதழில் இரண்டு பக்கம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்