'என் உடலை மருத்துவத்துக்குக் கொடுத்துடுங்க!' - கையெழுத்துப் போட்ட பிறகு என்னதான் நடக்கும்?

2024 செப்டம்பர் 12. மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் சீதாராம் யெச்சூரி டெல்லி எய்ம்ஸில் இறந்துபோனார். அஞ்சலியெல்லாம் முடிந்ததும் அவர் உடல் சுடுகாட்டுக்குப் போகவில்லை. அதே எய்ம்ஸுக்குத் திரும்பிப் போனது. மாணவர்களின் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படட்டும் என்று குடும்பத்தினர் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த பத்து நாளில் கொச்சியில் இன்னொரு மரணம். அதே கட்சியின் கேரள மூத்த தலைவர் எம்.எம்.லாரன்ஸ். மருத்துவக் கல்லூரிக்குத் தன் உடலைக் கொடுக்கணும் என்பதுதான் அப்பாவின் ஆசை என்றார் மகன். இல்லவே இல்லை, சர்ச்சில்தான் அடக்கம் செய்யணும் என்றார் மகள். எர்ணாகுளம் டவுன் ஹாலில், அஞ்சலிக்கு வைத்திருந்த உடலுக்குப் பக்கத்திலேயே தள்ளுமுள்ளு. விஷயம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவர் கையெழுத்துப் போட்ட படிவம் எதுவும் இல்லை, வாய்வார்த்தையாகச் சொன்னார் என்பதுதான் மகன் தரப்பின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்றது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. கிட்டத்தட்ட நான்கு மாதம், ஓர் உடல் எங்கே போகணும் என்பதற்காக!

சரி, 'கொடுக்கலாமா, வேண்டாமா' என்ற சண்டை ஒருவழியா முடிஞ்சது. கொடுத்த பிறகு?

அதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். உறுப்பு தானமும் உடல் தானமும் ஒண்ணு இல்லை. மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், கல்லீரல், சிறுநீரகங்களை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது உறுப்பு தானம். உடல் தானம் என்பது மொத்த உடலும் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போவது. வீட்டில் வயதாகி இயல்பாக இறந்தவரும் இதைச் செய்யலாம்.

அங்கே என்ன நடக்கும்? முதல் வருட எம்.பி.பி.எஸ் மாணவர்கள் டிசெக்‌ஷன் ஹாலில் சுற்றி நின்று படிப்பதுதான் நமக்குத் தெரிந்த காட்சி. ஃபார்மலின் ஏற்றிய உடல் மாதக்கணக்கில் கெடாது. ஆனா தசையெல்லாம் விறைத்துப்போயிடும். நரம்பு எங்கே ஓடுது என்று பார்க்க அது போதும். லேப்ராஸ்கோப்பி பழகும் சர்ஜனுக்குப் போதாது. அவருக்கு, உயிருள்ள உடல் மாதிரியே வளையும் திசு வேணும். அதுக்காக உடலை உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த வால்டர் தீல் உருவாக்கிய தனிப் பதப்படுத்தும் முறையும் இருக்கிறது. உங்க அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணும் டாக்டர், முதல் வெட்டை எங்கே பழகியிருக்கணும்னு நீங்க ஆசைப்படுவீங்க?

இன்னும் கேளுங்க. காரில் சீட் பெல்ட் போடுறீங்கல்ல? அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் உள்ள வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1930-களின் இறுதியிலேயே, இறந்தவர்களின் உடல்களை வைத்து மோதல் சோதனைகளைத் தொடங்கிவிட்டார்கள். மண்டை ஓடு எவ்வளவு அடி தாங்கும், நெஞ்செலும்பு எந்த விசையில் உடையும் என்ற கணக்கெல்லாம் அங்கே கிடைத்ததுதான். இன்றைக்கு விளம்பரத்தில் பார்க்கிற கிராஷ் டம்மி பொம்மைகளுக்கும் அடிப்படை அந்த எண்கள்தான். இந்தவகை ஆராய்ச்சியால் கார்களில் வந்த மாற்றங்கள் வருடத்துக்கு சுமார் 8,500 உயிர்களைக் காப்பாற்றுவதாக, அதே பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிங் 1995-ல் ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டார். டென்னசி பல்கலைக்கழகத்திலோ உடல்களைத் திறந்தவெளியில் போட்டு, எப்படி அழுகுது, எந்தப் பூச்சி எப்போ வருது என்று குறித்துவைக்கிறார்கள். 'இறந்து எத்தனை நாளாச்சு?' என்று போலீஸ் கேட்கும்போது பதில் சொல்ல இந்தக் குறிப்புகள் உதவுகின்றன.

படிக்கவே ஒரு மாதிரி இருக்கா? இருக்கட்டும். சிக்கல் அந்த அருவருப்பில் இல்லை, படிவத்தில் இருக்கும் ஒரு வரியில் இருக்கு. 'மருத்துவக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும்' என்று பொதுவாக எழுதியிருப்பாங்க. அந்த 'ஆராய்ச்சி'க்குள்ள எதையெல்லாம் போடலாம்?

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் பயாலஜிக்கல் ரிசோர்ஸ் சென்டர் என்ற தனியார் நிறுவனம் இருந்தது. 'உடலைக் கொடுங்க, தகனச் செலவு எங்களோடது' என்பது அவர்களின் ஆஃபர். அல்சைமரால் இறந்த தன் அம்மாவின் மூளை ஆராய்ச்சிக்கு உதவும் என்று நம்பி ஒரு மகன் உடலைக் கொடுத்தார். கொஞ்ச நாளில் சாம்பல் வந்தது. ஆனா அது அம்மாவின் ஒரு கையோட சாம்பல் மட்டும்தான்! மீதி உடல், வெடிகுண்டு வெடித்தால் ராணுவ வண்டியில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று பார்க்கும் அமெரிக்க ராணுவச் சோதனைக்குப் போயிருந்தது. இப்படி அனுமதியே இல்லாமல் குறைந்தது 20 உடல்கள் போனதை ராய்ட்டர்ஸ் 2016-ல் அம்பலப்படுத்தியது. 2019-ல் 10 குடும்பங்களுக்கு 5.85 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது ஜூரி.

ராணுவ வீரர்களின் உயிரைக் காக்கும் சோதனை மோசமானது என்று சொல்ல வரவில்லை. சிலர் தெரிந்தே அதுக்கு ஓகே சொல்லியிருப்பாங்க. அந்த அம்மாவோ மகனோ அதுக்குச் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான். அங்கே சிறுநீரகத்தையோ இதயத்தையோ மாற்று அறுவை சிகிச்சைக்கு விற்றால் குற்றம். ஆராய்ச்சிக்கு வரும் மொத்த உடலைக் கைமாற்றும் வியாபாரத்தைக் கண்காணிக்கும் கறாரான மத்தியச் சட்டமோ இல்லை. இறுதிச் சடங்குக்குக் காசில்லாத குடும்பங்கள்தான் இந்த 'இலவசத்'துக்கு அதிகம் போகின்றன.

'நம்ம ஊர்ல அப்படியெல்லாம் நடக்காது'னு சொல்றீங்களா? இங்கே உடல்களைத் தரகர்கள் வாங்கி விற்க முடியாதுதான். அந்தந்த மாநில உடற்கூறியல் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்குத்தான் உடல் போகும். தமிழ்நாட்டுச் சட்டம் 1951-ல் வந்தது. ஆனா அந்தச் சட்டத்தின் மையத்தில் இருப்பது தானம் இல்லை, யாரும் உரிமை கோராத உடல்கள். மருத்துவமனையிலோ தெருவிலோ இறந்து, குறிப்பிட்ட காலத்துக்குள் உறவினர் யாரும் வரவில்லை என்றால் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம். நம் மருத்துவக் கல்லூரிகள் பல காலமாக நம்பியிருப்பது இந்த உடல்களைத்தான். யெச்சூரிக்காக முடிவெடுக்கக் குடும்பம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறந்தவரிடம் யார் கேட்டார்கள்? உரிமை கோர யாரும் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே கேள்விதான் 2024 செப்டம்பரில் டெக்சாஸிலும் வெடித்தது. 2019 முதல் உரிமை கோரப்படாத 2,300-க்கும் மேற்பட்ட உடல்களை அங்குள்ள ஒரு பல்கலைக்கழக சுகாதார மையம் பெற்றதை என்.பி.சி தொலைக்காட்சி வெளிக்கொண்டுவந்தது. அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது. அவர்களில் சிலருக்கு உறவினர்கள் இருந்தார்கள். யாரும் சரியாகத் தேடவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், தைவானைப் பாருங்க. ட்ஸூ சி பல்கலைக்கழகத்தில் உடல் கொடுத்தவரை 'மௌன ஆசிரியர்' என்கிறார்கள். வகுப்பு தொடங்கும் முன் மாணவர்கள் அவர் குடும்பத்தைச் சந்தித்து, அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டுத் தெரிஞ்சுக்கிறாங்க. படிப்பு முடிந்ததும் உடலைத் தைத்து, உடை அணிவித்து, பெட்டியில் வைத்து மாணவர்களே சுமக்கிறார்கள். இறுதிச் சடங்குக்குக் குடும்பமும் வருகிறது. அங்கே உடல் கொடுக்கப் பெயர் பதிவு செய்பவர்களுக்குப் பஞ்சமில்லை.

நீங்க இங்கே கையெழுத்துப் போடப் போறீங்கன்னா, சில நடைமுறை விஷயங்கள். அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையிலேயே படிவம் கிடைக்கும். போஸ்ட்மார்ட்டம் செய்த உடலைப் பொதுவா எடுக்க மாட்டாங்க. அதனால விபத்தில் இறந்தால் வாய்ப்பு குறைவு. ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் மாதிரி தொற்று இருந்தாலும் மறுத்துடுவாங்க. கண்ணை மட்டும் தனியா தானம் செய்யலாம், அது தடை இல்லை. நீங்க இறந்ததும் கல்லூரிக்குத் தகவல் சொல்லி உடலை ஒப்படைக்க வேண்டியது குடும்பம்தான். அவங்க 'மாட்டோம்'னு உட்கார்ந்துட்டா படிவம் பீரோவிலேயே கிடக்கும். அதனால வீட்டில் எதிர்க்கப்போறது யாருன்னு உங்களுக்கே தெரியுமே, அவரையே சாட்சிக் கையெழுத்துப் போடவைக்கப் பாருங்க.

படிவத்தைக் கொடுக்கும்போது துறையில் இரண்டு கேள்வி கேளுங்க. என் உடல் இந்தக் கல்லூரியை விட்டு வேற எங்கேயாவது போகுமா? படிச்சு முடிச்சதும் மிச்சத்தை என்ன பண்ணுவீங்க, வீட்டுக்குத் தகவல் சொல்வீங்களா?