ஊசி முனையில் வந்த உண்மை

"மகளைக் காப்பாற்ற அப்பா போர் விமானத்திலேயே வந்துவிட்டார், பாருங்கள்!"

விடுமுறைக்கு நம் இல்லம் வந்திருந்த சிறுவன் ஒருவன் வியப்பு மேலிடக் கூவினான். கூடத்தில் தொலைக்காட்சியைச் சுற்றிப் பிள்ளைகள் அமர்ந்திருந்தனர். பழைய ஆங்கிலப் படம் ஒன்றின் இறுதிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வானளாவிய கட்டடம், அதன் உச்சியில் ஒரு பாரந்தூக்கி, அதன் நுனியில் உயிருக்குப் போராடும் சிறுமி, அவளுக்கு நேர் கீழே அந்தரத்தில் நிற்கும் விமானத்தில் தந்தை. நாமும் ஒரு கணம் மெய்ம்மறந்தோம் என்பதை மறைப்பானேன்?

பிள்ளைகள் உறங்கச் சென்ற பின்னர், அவர்கள் எதைத்தான் பார்த்தார்கள் என அறியும் பொருட்டு, அப்படத்தை முதலிலிருந்து பார்த்தோம். பார்த்து முடித்தபோது, சிறுவனின் வியப்புக்கு மறுமொழியாகச் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதாகத் தோன்றியது. அதனையே இம்மாதம் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

படத்தின் பெயர் 'ட்ரூ லைஸ்'. 'மெய்யான பொய்கள்' எனலாம். 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. 'டைட்டானிக்' படத்தைப் பின்னாளில் ஆக்கிய ஜேம்ஸ் கேமரூன் இதன் இயக்குநர். அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் கதாநாயகன். ஜேமி லீ கர்ட்டிஸ் அவன் மனைவி. கதை அமெரிக்கருடையது அன்று. 1991-இல் பிரான்சில் வெளிவந்த 'லா டோட்டால்' என்னும் நகைச்சுவைப் படத்தைத் தழுவியது. 10 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு எடுத்தார்கள். அக்காலத்தில் அது திகைக்க வைத்த தொகை.

ஹாரி டாஸ்கர் என்பவன் பயங்கரவாதிகளை ஒடுக்கும் இரகசியப் படையொன்றின் ஒற்றன். ஆனால் வீட்டில் அவன் கணினி விற்பனையாளன்! மணமாகி ஆண்டுகள் பல சென்றும் மனைவி ஹெலனுக்கு அவனுடைய உண்மைத் தொழில் தெரியாது. மகள் டானாவுக்கும் தெரியாது. 'விற்பனைக் கூட்டம்' என்று சொல்லிவிட்டுப் புறப்படுவான். கடல் கடந்து சென்று சண்டையிட்டுத் திரும்புவான். மகளுக்குத் தரவேண்டிய பரிசையும் உடன் பணியாற்றும் நண்பனே நினைவாக வாங்கி வைத்திருக்கிறான். அவளோ அதனைக் குப்பைத் தொட்டியில் எறிகிறாள். அந்த நண்பனின் பணப்பையிலிருந்து பணமும் திருடுகிறாள். நாட்டின் பகைவர் ஒவ்வொருவரையும் அறிந்த தகப்பன், தன் மகளின் மனத்தை மட்டும் அறியவில்லை.

ஹெலன் சட்ட அலுவலகமொன்றில் பணிபுரியும் சாதாரணப் பெண். அன்றாட வாழ்வின் வெறுமை அவளை வாட்டுகிறது. அவ்வேளையில் சைமன் என்னும் பழைய கார் விற்பவன், தன்னை ஓர் ஒற்றன் என்று பொய் சொல்லி அவளை மயக்க முயல்கிறான். விந்தையைப் பாருங்கள்: ஒற்றனான கணவன் தன்னை விற்பனையாளன் என்கிறான், விற்பனையாளனான அயலான் தன்னை ஒற்றன் என்கிறான். இரு பொய்களுக்கு நடுவே ஒரு பெண்!

இதனை அறிந்த ஹாரி என்ன செய்கிறான்? மனைவியின் எதிரே அமர்ந்து பேசினானா? இல்லை. நாட்டைக் காக்க அவனிடம் ஒப்படைக்கப்பட்ட ஆட்களையும் கருவிகளையும் அவள்மீது ஏவுகிறான். அவளுடைய தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்கிறான். ஆள்வைத்துப் பிடித்து வரச் செய்கிறான். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மறைந்துகொண்டு, குரலை மாற்றி விசாரிக்கிறான். அவள் அழுகையோடு உண்மையைச் சொல்கிறாள்: தான் தவறு செய்யவில்லை, கணவனையே நேசிப்பதாகவும், வாழ்வில் ஏதேனும் பொருளுள்ளதாகச் செய்ய ஏங்கியதாகவும் கூறுகிறாள். அதன் பின்னும் அவன் மனம் இளகி வெளிவரவில்லை. பொய்யானதொரு 'ஒற்றுப் பணி'யை அவளுக்குத் தந்து, ஓட்டல் அறை ஒன்றில் இருளில் அமர்ந்து, விலைமகள் வேடத்தில் அவளை ஆட வைத்துப் பார்க்கிறான். திரையரங்குகள் அதனைக் கண்டு சிரித்தன. நம்மால் சிரிக்க இயலவில்லை. பெண்ணைச் சிறுமைப்படுத்தும் காட்சி என்று அந்நாட்டு விமர்சகர் பலரும் அன்றே கண்டித்தனர்.

கதை இங்கே திரும்புகிறது. அணுகுண்டுகளைக் கவர்ந்துவந்த பயங்கரவாதிகள் அந்த அறைக்குள் நுழைந்து இருவரையும் பிடித்துச் செல்கின்றனர். ஹாரிக்கு உண்மை பேச வைக்கும் மருந்தை ஊசிமூலம் ஏற்றுகின்றனர். அப்போது ஹெலன் கேட்கிறாள்: நீர் ஒற்றரா? ஆம் என்கிறான். ஆட்களைக் கொன்றதுண்டா? உண்டு, ஆனால் அவர்கள் எல்லாரும் தீயவர்களே என்கிறான். படத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இதுவே. ஆயினும் நம் சிந்தனை இங்கேதான் நின்றுவிட்டது. மனைவியிடம் அம்மனிதன் பேசிய முதல் உண்மை, பகைவன் குத்திய ஊசியின் முனையிலிருந்து வந்தது!

அதன் பின்னர் கணவனும் மனைவியும் அமர்ந்து பேசும் காட்சி உண்டா என்று பார்த்தோம். கோபமும் வியப்புமாய்ச் சில நொடிகள். அதற்குள் துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கிவிடுகின்றன. புளோரிடாவின் கடற்பாலத்தில் கட்டுப்பாடிழந்து ஓடும் காரிலிருந்து மனைவியை ஹெலிகாப்டரில் தொங்கியபடி தூக்கியெடுக்கிறான். மயாமி நகரின் மாடத்தில் மாட்டிக்கொண்ட மகளை, நின்ற இடத்திலேயே மேலெழ வல்ல 'ஹாரியர்' விமானத்தில் சென்று மீட்கிறான். மெய்யான ஹாரியர் விமானங்களை அமெரிக்கப் போர்ப்படையே படப்பிடிப்புக்கு வாடகைக்கு அளித்தது. தந்திரக் காட்சிகளுக்காக இப்படம் ஆஸ்கர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஹெலனாக நடித்த கர்ட்டிஸ் அம்மையார் கோல்டன் குளோப் விருது பெற்றார். இத்திறமைகளை நாம் மறுக்கவில்லை. முடிவில் அக்குடும்பம் ஒரே மேசையில் சிரித்து மகிழ்வதையும், மனைவியும் கணவனோடு அதே பணியில் இணைவதையும் காட்டுகிறார்கள். மறைப்பு நீங்கிய பின்னரே மகிழ்ச்சி வந்தது என்பதைப் படமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அம்மகிழ்ச்சிக்குக் காரணம் உண்மையா, விமானமா என்று கேட்டால், நம் வீட்டுச் சிறுவன் விமானம் என்றே சொல்வான். அதுதான் நம் கவலை.

வேறு இரு குறைகளையும் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. இப்படத்தின் வில்லர்கள் அரேபியர். மூடராகவும் வெறியராகவும் தீட்டப்பட்டவர்கள். கதாநாயகனின் குழுவில் ஒரு நல்ல அரேபியரைச் சேர்த்திருப்பது உண்மையே. எனினும் அமெரிக்க அரபு மக்கள் அமைப்புகள் 1994-இலேயே கண்டனம் எழுப்பின. மேடைகளிலும் திரைகளிலும் ஓர் இனத்தையே கொலைகாரராகக் காட்டினால், அவ்வினத்துப் பிள்ளைகள் பள்ளியில் தலைநிமிர்ந்து நடப்பது எப்படி? லெபனான் நாட்டு மாரோனைட் கத்தோலிக்கரும் அரபு மொழி பேசுபவரே என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம். 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-இல் நியூயார்க்கில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னர், பயங்கரவாதத்தை வேடிக்கையாக்க இனி மனமில்லை என இயக்குநரே இரண்டாம் பாகத்தைக் கைவிட்டார்.

மற்றொன்று மிகுந்த வேதனைக்குரியது. மகள் டானாவாக நடித்தவர் எலைசா டுஷ்கு. படப்பிடிப்பின்போது அவர் 12 வயதுச் சிறுமி. சண்டைக் காட்சிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த ஒருவர் அந்நாளில் தம்மிடம் தகாத முறையில் நடந்ததாக 2018-இல் அவர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். குற்றஞ்சாட்டப்பட்டவர் அதனை மறுத்தார். தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் ஒரு சிறுமி தன் மனத்திலிருந்ததை உலகறியச் சொல்ல ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டும். திரையில் அவளை மீட்க விமானம் வந்தது. மெய்வாழ்வில் பிள்ளைக்கு வேண்டுவது விமானமா? "எதுவாயினும் அப்பாவிடம் சொல்லலாம், அம்மாவிடம் சொல்லலாம்" என்ற துணிவு அன்றோ?

அத்துணிவு எவ்வாறு பிறக்கும்? பெற்றோர் ஒருவரோடொருவர் உண்மை பேசும் இல்லத்திலேயே பிறக்கும்.

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று உண்டு. அதன் தலைவர் வேலையை இழந்தார். வீட்டில் சொல்ல நாணி, நாள்தோறும் காலையில் வழக்கம்போல் குளித்து, உடுத்தி, மனைவி கட்டித் தந்த சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புறப்படுவார். இரயில் நிலையத்து இருக்கையில் பொழுதைப் போக்கி மாலையில் திரும்புவார். வட்டிக்குப் பணம் வாங்கி அதனைச் சம்பளமென்று கொடுத்தார். மூன்று மாதங்கள் இப்படியே ஓடின. கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து நின்றபோது உண்மை வெளிப்பட்டது. அந்த அம்மையார் பின்னொருநாள் நம்மிடம் சொன்னார்: "வேலை போனதற்காக நான் அழவில்லை, ஐயா. இரண்டு வீட்டில் தைத்துக் கொடுத்தாவது சமாளித்திருப்பேன். மூன்று மாதம் நான் கட்டிக் கொடுத்த சோற்றை அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாரே, அதை நினைத்துத்தான் அழுதேன்."

இச்சொற்களில் இருக்கும் அன்பு, 10 கோடி டாலர் படத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. அக்கணவரும் தம் குடும்பத்தைக் காப்பதாகவே எண்ணினார். ஹாரியும் அப்படியே எண்ணினான். 'அவர்கள் நன்மைக்காகத்தான் மறைக்கிறேன்' என்பது எல்லாப் பொய்யர்களும் தம் மனச்சான்றுக்குச் சொல்லும் சமாதானம்.

அப்படியானால் இரகசியமே கூடாதா என வினவலாம். கூடும். மருத்துவர் நோயாளியைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். காவல் துறையினருக்கும் படைவீரருக்கும் வெளியிடலாகாத செய்திகள் உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவர் கேட்டது அவரோடு கல்லறைக்குச் செல்லும். 'இது நான் சொல்லக் கூடாதது' என்று மனைவியிடம் கூறுவது இரகசியம். அதில் பொய் இல்லை. 'நான் வேறொருவன்' என்று நம்பவைப்பதே வஞ்சகம். காக்க வேண்டிய இரகசியத்தையும் காத்துக்கொண்டு, மனைவியை மதித்து வாழ்ந்த நல்லோர் எத்தனையோ பேர். பீடத்தின் முன் கணவனும் மனைவியும் கைபிடித்துத் தந்த வாக்கு, வருமானத்தைப் பற்றியதன்று. இன்பத்திலும் துன்பத்திலும் ஒருவரோடொருவர் இருப்பதைப் பற்றியது. துன்பத்தை மறைப்பவர் அவ்வாக்கின் ஒரு பாதியை மற்றவரிடமிருந்து பறித்துக்கொள்கிறார்.

பெற்றோருக்கு ஒரு சொல். இப்படம் அமெரிக்காவிலேயே, 17 வயதுக்குக் குறைந்தோர் பெற்றோர் துணையின்றிப் பார்க்கலாகாது எனச் சான்று பெற்றது. கொலைகள் மிகுதி, மாடிப்படியில் உருளும் துப்பாக்கி தானாகவே பலரைச் சுட்டு வீழ்த்துவதைக்கூட நகைச்சுவையாக்கியிருக்கிறார்கள். ஓட்டல் அறைக் காட்சியோ பிள்ளைகள் கண்ணில் படத் தக்கதன்று. கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் எந்தப் படமும் எந்நேரமும் வந்து நிற்கும் இந்நாளில், 'பழைய படந்தானே' என்று நாம் அசட்டையாயிருந்தது நம் தவறே. பிள்ளைகளுக்கு இது வேண்டாம். தம்பதியர் பார்க்க நேர்ந்தால், பார்த்து முடித்ததும் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: "நான் உன்னிடம் சொல்லாதது ஏதேனும் உண்டா?"

மறுநாள் காலை அச்சிறுவன் இட்டிலியைப் பிட்டுக்கொண்டே கேட்டான்: "உங்களுக்கு விமானம் ஓட்டத் தெரியுமா?" தெரியாது என்றோம். அவன் முகம் சற்று வாடிற்று. பின்பு நாம், "உன் அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் சென்ற மாதம் நீ கணக்கில் தவறியதை அவரிடம் மறைக்காமல் சொன்னாயே, அப்போது என்ன செய்தார்?" என்று கேட்டோம்.

"பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்" என்றான்.

"அதுதான் மகனே, காப்பாற்றுவது."

அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு இன்னும் ஓர் இட்டிலி கேட்டான்.