டிஎன்ஏ பொய் சொல்லாது. சீல் வைத்த கவர் யார் கையில் இருந்தது? சுருளி அருவி வழக்கு எழுப்பும் கேள்விகள்

2011 மே மாதம். கம்பத்துக்குப் பக்கத்தில் உள்ள சுருளி அருவிக்குப் போன ஓர் இளம் ஜோடி வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்து இருவரின் உடல்களும் காட்டுப் பகுதியில் கிடைத்தன. அந்தப் பெண் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டு, இருவரும் கொலை செய்யப்பட்டார்கள் என்பது அரசுத் தரப்பின் வழக்கு. ஆடி அமாவாசைக்குக் கம்பம் பள்ளத்தாக்கே திரண்டு போய்க் குளிக்கும் இடம் சுருளித் தீர்த்தம். அங்கே இப்படி ஒன்று நடந்தால் ஊர் என்ன கேட்கும்? "ஆளைப் பிடிச்சாச்சா?" அதைத்தான் கேட்கும்.

ஆளைப் பிடித்தார்கள். தேனி அமர்வு நீதிமன்றம் 2018-ல் அவருக்கு மரண தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-ல் அதை உறுதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அடங்கிய அமர்வு, 2025 ஜூலை 15 அன்று அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளில் இருந்தும் விடுவித்தது. சம்பவம் நடந்து 14 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதில் ஏழு ஆண்டுகள் தூக்குத் தண்டனை அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டுரையில் யார் பெயரும் இருக்காது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. விடுதலையானவரின் பெயர் தீர்ப்பில் இருக்கிறதுதான். ஆனால் கூகுளில் தட்டினால் இன்னொரு தடவை 'கொலை' என்ற வார்த்தையோடு அது வந்து நிற்க வேண்டாம்.

டிஎன்ஏ இருந்துமா விடுதலை?

தீர்ப்பு வந்ததும் பலருக்கு வந்த சந்தேகம் இதுதான். நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கு இது. கடைசியாக அவர்களோடு பார்த்தோம் என்ற சாட்சியம், கைதுக்குப் பிறகு பெற்ற வாக்குமூலம், அதன் பேரில் கைப்பற்றிய பொருட்கள், இவற்றோடு டிஎன்ஏ அறிக்கை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் உறுதியாக இருந்தால்தான் சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்துத் தண்டிக்க முடியும். மற்ற கண்ணிகள் பலவீனமாக இருந்த இடத்தில் டிஎன்ஏதான் கனமான பூட்டு மாதிரித் தெரிந்தது. உச்ச நீதிமன்றம் அந்தப் பூட்டையே எடுத்துப் பார்த்தது.

டிஎன்ஏ என்ற அறிவியலை நீதிமன்றம் தள்ளிவிடவில்லை. அதன் கேள்வி வேறு. மாதிரியை எடுத்த நேரத்தில் இருந்து ஆய்வகம் போய்ச் சேர்ந்த நேரம் வரை அது எங்கே இருந்தது? யார் பொறுப்பில் இருந்தது? அனுப்புவதற்கு ஏன் தாமதம்? சீல் கலையாமல் இருந்ததா? திருப்தியான பதில் இல்லை. மாதிரி மாசுபட்டிருக்கும் வாய்ப்பை ஒதுக்க முடியாத நிலையில், அதை வைத்து ஒருவரைத் தூக்கில் போட முடியாது.

"நாலு நாள் லேட்டானா என்ன ஆகிடும்?" என்று கேட்பவர்களுக்கு: நிறைய ஆகும். உடலில் இருந்து பஞ்சுக் குச்சியில் எடுக்கும் மாதிரி ஈரமானது. அதைக் காற்றில் உலர்த்தித்தான் உறையிட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். தேனி மாவட்டத்து மே மாத வெயிலில், பேன் கூட இல்லாத ஒரு ஸ்டேஷன் அலமாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்னொன்று முக்கியம். ஆய்வகத்தில் மிகச் சிறிய அளவு டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுத்துத்தான் சோதிக்கிறார்கள். தவறான ஒரு துளி உள்ளே போயிருந்தால் இயந்திரம் அதையும் அதே விசுவாசத்தோடு நகலெடுக்கும். சந்தேக நபரின் ரத்த மாதிரியும், இறந்தவரின் உடலில் எடுத்த மாதிரியும் ஒரே அலமாரியில், ஒரே கையில், பதிவேடு இல்லாமல் இருந்திருந்தால் 'பொருந்துகிறது' என்ற அறிக்கைக்கு என்ன மதிப்பு? மேஜைக்கு வந்த இரண்டு மாதிரிகள் பொருந்துகின்றன என்பதை மட்டும்தான் அறிக்கை சொல்லும். அவை மேஜைக்கு எப்படி வந்தன என்பது அதற்குத் தெரியாது.

இது தேனியின் பிரச்சினை மட்டுமா?

இல்லை. டெல்லியில் 2012-ல் நடந்த சாவ்லா வழக்கில் மூன்று பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. அங்கேயும் மாதிரிகள் பத்து நாளுக்கு மேல் போலீஸ் ஸ்டேஷன் பொருள் அறையிலேயே கிடந்தன. டிஎன்ஏ அறிக்கைக்கு அடிப்படை என்ன, சோதனை முறையாகச் செய்யப்பட்டதா என்பதை விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஆராயவே இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சென்னை முகலிவாக்கத்தில் 2017-ல் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்றவரும் 2025 அக்டோபரில் விடுதலையானார். தமிழ்நாடே கொதித்த வழக்கு அது. 'நீதிமன்றம் குற்றவாளியை விட்டுவிட்டது' என்று டைம்லைன் முழுக்கத் திட்டினோம். ஆதாரத்தைச் சேகரித்தவர்கள் மீது அந்தக் கோபத்தில் கால்வாசியாவது போயிருக்க வேண்டாமா?

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. ஒரு வித்தியாசம், அங்கே தவறைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் மைக்ரோஸ்கோப் வழியே முடியை ஒப்பிட்டு 'இது இவருடையதுதான்' என்று எஃப்பிஐ நிபுணர்கள் பல ஆண்டுகள் சாட்சி சொன்னார்கள். 2015-ல் எஃப்பிஐயே முன்வந்து வெளியிட்ட மறுஆய்வில், பரிசீலித்த விசாரணைப் பதிவுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் நிபுணர்களின் கூற்றுகள் பிழையானவை என்று தெரிந்தது. டெக்சாஸ் மாநிலம் 2013-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தது: தண்டனைக்கு அடிப்படையான அறிவியல் பின்னால் தவறென்று தெரிந்தால், தண்டனை பெற்றவர் மறுபடி நீதிமன்றத்தை நாடலாம்.

நம் நாட்டில் அந்தக் கதவு இல்லை. மேல்முறையீடு முடிந்தால் சீராய்வு மனு, அதுவும் போனால் மறுசீராய்வு மனு. இரண்டிலும் புதிய அறிவியல் ஆதாரத்தை வைத்து வழக்கை முதலில் இருந்து பார்க்க வழி மிகக் குறுகல். கருணை மனு இருக்கிறதே என்பீர்கள். அது மன்னிப்பு கேட்பது. செய்யாத தப்புக்கு எதற்கு மன்னிப்பு?

48 மணி நேரம்

சுருளி வழக்கின் தீர்ப்பு ஒரு மனிதரை விடுவித்ததோடு நிற்கவில்லை. நாடு முழுமைக்குமான நடைமுறையை வகுத்திருக்கிறது. டிஎன்ஏ மாதிரி எடுத்ததும் முறையாக உறையிட்டு, எஃப்ஐஆர் எண், தேதி, சட்டப் பிரிவு, விசாரணை அதிகாரி, காவல் நிலையம், வரிசை எண் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அந்த ஆவணத்தில் மருத்துவர், விசாரணை அதிகாரி, சுயேச்சையான சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் மாதிரி தடய அறிவியல் ஆய்வகம் போய்ச் சேருவது விசாரணை அதிகாரியின் பொறுப்பு. தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். வழக்கு நடக்கும்போது விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் உறையைத் திறக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது. மாதிரி கை மாறும் ஒவ்வொரு தடவையும் பதிவாகும் ஒரு பதிவேடு, வழக்கு தண்டனையிலோ விடுதலையிலோ முடியும் வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் விசாரணை அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டும். தீர்ப்பின் நகல் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் மாநில டிஜிபிக்களுக்கும் போயிருக்கிறது.

படித்தால் 'இதெல்லாம் ஏற்கெனவே இல்லையா?' என்று தோன்றும். கூரியர் கம்பெனியில் ஒரு செல்போன் கவர் ஆர்டர் பண்ணினாலே அது எந்தக் குடோனில் எத்தனை மணிக்கு இருந்தது என்று காட்டுகிறார்கள். மண்டல தடய அறிவியல் ஆய்வகம் மதுரையில் இருக்கிறது. கம்பத்தில் இருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போனாலும் சுமார் மூன்று மணி நேரம். சென்னைக்கே அனுப்புவதானாலும் ஒரு ராத்திரிப் பயணம். ரசாயனப் பரிசோதனைக்கான ஆய்வகத்தை 1849-லேயே தொடங்கிய ஊர் சென்னை. இந்தியாவில் அதுதான் முதல். பழமைக்குக் குறைவில்லை.

ஆனால் இந்த வழிகாட்டுதலிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பதிவேடு 'தண்டனை அல்லது விடுதலை' வரைக்கும்தான். அதற்குப் பிறகு மாதிரி என்ன ஆகும்? இங்கிலாந்தில் ஒருவர் செய்யாத பாலியல் குற்றத்துக்காக 17 ஆண்டுகள் சிறையில் இருந்து, 2023-ல் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். காப்பாற்றியது டிஎன்ஏதான். பழைய மாதிரி பத்திரமாக இருந்ததால் மறுபடி சோதிக்க முடிந்தது. அங்கே முடிந்துபோன வழக்குகளை ஆராய்ந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பவே 1997 முதல் ஒரு தனி ஆணையம் இயங்குகிறது. அந்த ஆணையமே அவரது மனுவை முன்பு இரண்டு தடவை நிராகரித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆணையம் வைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் தட்டுவதற்கு ஒரு கதவாவது அங்கே இருந்தது. தண்டனை பெற்றவர் சிறையில் இருக்கும்வரை மாதிரியை அழிக்கக் கூடாது என்று நம் சட்டத்திலும் எழுத வேண்டும். அது இல்லாமல் மறுஆய்வு ஆணையம் கேட்பதில் பயனில்லை.

போன ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

சுருளித் தீர்ப்பு இதையும் தொட்டது. நீண்ட சிறைவாசத்துக்குப் பிறகு விடுதலையாவோருக்கு அமெரிக்காவில் இழப்பீடு கேட்கச் சட்டங்கள் உண்டு என்பதைக் குறிப்பிட்ட நீதிமன்றம், இங்கே அதை நாடாளுமன்றம்தான் யோசிக்க வேண்டும் என்று நிறுத்திக்கொண்டது.

நாடாளுமன்றத்தின் மேஜைக்கு யோசனை போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும், அதை விசாரிக்கத் தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 277-வது அறிக்கை 2018 ஆகஸ்டில் சொன்னது. 2023-ல் குற்றவியல் சட்டங்களை மொத்தமாக மாற்றி எழுதியபோது அதைச் சேர்க்க அருமையான வாய்ப்பு. சேர்க்கவில்லை. காரணமில்லாமல் கைது செய்ய வைத்தவரிடம் இருந்து வாங்கித் தரும் இழப்பீடு என்று ஒரு பிரிவு பழைய சட்டத்தில் இருந்தது, புதிய சட்டத்திலும் தொடர்கிறது. உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 1,000 ரூபாய்.

மீதியெல்லாம் நீதிபதிகளின் மனதைப் பொறுத்தது. பீகாரில் 1968-ல் விடுதலையான ருதுல் ஷாவை 1982 வரை சிறையிலேயே வைத்திருந்தார்கள். 1983-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் வழங்கச் சொன்னது. 2019-ல் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஆறு பேரை மரண தண்டனையில் இருந்து விடுவித்தபோது தலா 5 லட்சம். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-ல் 50 லட்சம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, விடாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடும் திடமும் இருந்தது. அவை இல்லாதவர் விடுதலைத் தாளோடு சிறை வாசலில் நிற்பார். ஆண்டுக்கு இவ்வளவு, சிறையில் வேலையும் வருமானமும் போனதற்கு இவ்வளவு, மறுவாழ்வுக்கு இவ்வளவு என்று சட்டத்தில் எழுதிவிட்டால், அவர் மறுபடி வக்கீல் தேடி அலைய வேண்டியதில்லை.

கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் இதில் ஓர் உரிமை உண்டு, பலருக்குத் தெரியாது. வழக்கு விடுதலையில் முடிந்தாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும்படி நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுதான் தொகையை முடிவு செய்யும். இலவச சட்ட உதவிக்கான எண் 15100.

இப்போது இப்படி ஒரு வழக்கில் சிக்கியிருக்கும் குடும்பம் யாராவது இதைப் படித்தால்: உங்கள் வக்கீலிடம் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அரசு ஆய்வக நிபுணரைக் கூண்டில் ஏற்றாமலே அவர் அறிக்கையைச் சாட்சியமாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவரை அழைத்துக் குறுக்கு விசாரணை செய்ய மனுப் போடலாம். விசாரணை நீதிமன்றத்திலேயே போட வேண்டும், டெல்லி போன பிறகு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணரே சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்ற பிரிவும் இருக்கிறது. அதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம்.

சுருளி வழக்கில் இன்னொரு கேள்வி பாக்கி. 'இவர் இல்லைன்னா, அப்ப யாரு?' மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றம் அதற்குப் பதில் தேடுவதில்லை, அது அதன் வேலையும் இல்லை. 2011-ல் எடுத்த மாதிரிகளை அன்றே எழுதி, உலர்த்தி, சீல் வைத்து அனுப்பியிருந்தால், அந்த இரண்டு குடும்பங்களுக்கும் இன்று ஒரு பதிலாவது இருந்திருக்கும்.