பெயர்ப் பலகைக்குக் கிடைக்கும் பணம்

நம் சங்கத்தில் நன்கொடை என்றால் எல்லாப் பணமும் ஒன்றுதான் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகப் பொருளாளர் என்ற முறையில் ரசீதுப் புத்தகத்தோடு அலைபவன் நான். அப்படி இல்லை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கட்டடத்துக்கென்று ஒருவர் கொடுத்ததைப் பொங்கல் விழாவுக்குத் தொட முடியாது. மூலநிதிக்கென்று எழுதிக் கொடுத்தால் அசல் வங்கியில் கிடக்கும், வட்டிதான் நமக்கு. எதற்கென்றும் சொல்லாமல் தரும் பொதுநிதிதான் மின்கட்டணம், காவலாளி சம்பளம், ஆடிட்டர் பீஸ் எல்லாவற்றையும் தாங்குகிறது. அதைத் தருவோர்தான் குறைவு. பளிங்கில் பெயர் பொறிக்க ஆள் உண்டு, ட்யூப்லைட்டுக்கு இல்லை. (பெயர் எழுத அதிலும் இடம் இருக்கிறது!)

கம்பெனிகளிடம் கேட்கலாமே என்கிறார்கள் இளைஞர்கள். கேட்கலாம். 2013 கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. கல்வி, கலை, பண்பாடு எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் விளம்பரம் தேடிக் கொடுக்கும் விழா உபயம் அதில் சேராது. 2021 ஏப்ரல் முதல், சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்யாத சங்கத்துக்கு அந்த வாசலே திறக்காது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயம் இன்னும் நுட்பம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் இருக்கும் மகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பாதகமில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மகள் அனுப்பினால் அது அந்நிய நன்கொடை. உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் நாம் ஒரு ரூபாய்கூடத் தொடக்கூடாது. பெற்றோர் வருத்தப்படுகிறார்கள், என்ன செய்ய?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. போன ஆண்டு ஒரு நிறுவனம் மேசை, பெஞ்சு, ப்ரொஜக்டர் வாங்கித் தந்தது. ஆசிரியை சம்பளத்துக்கும் கேட்டோம்; திட்டத்தில் இடமில்லை என்றார்கள். பெஞ்சு பளபளக்கிறது. இரண்டு ஆசிரியைகளில் ஒருவர் ஜூனில் நின்றுவிட்டார். மற்றவர் நாற்பது குழந்தைகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கிறார். அவரும் தீபாவளி வரை பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

என் யோசனை இது: கம்பெனி வாசலில் நிற்பதற்கு முன், இருநூறு உறுப்பினர்கள் மாதம் 100 ரூபாய் பொதுநிதிக்குத் தரட்டும். 20,000 ரூபாய் சேரும். இரு ஆசிரியைகளுக்கும் அது போதும். அடுத்த செயற்குழுவில் தீர்மானமாக வைக்கிறேன். ரசீதில் 'பொது' என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஆண்டுத் தொகையை மொத்தமாகத் தருபவர்கள் ரொக்கமாகத் தரவேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு வரிச் சலுகை இல்லை, செக் போதும்.